ஈரம் படாத குறிப்பேடு

எங்கள் பெரிய கிராணி தம் ஆயுளில் ஒருமுறைகூடக் கடலில் கால் நனைத்தவரில்லை. ஆனால் மலாக்கா நீரிணையின் சூடு எத்தனை டிகிரி பாரன்ஹீட் என்பது பல வருடங்கள் அவருடைய கையெழுத்தில்தான் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அழகான கையெழுத்து. எட்டு என்று அவர் போட்டால் மேல் வளையமும் கீழ் வளையமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நீரிணையில் எண்பதுக்கு மேல்தான் எப்போதும் சூடு என்பதால் எட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே இரண்டாவது கிராணி. ஆற்று வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனி. பெயர் வேண்டாம். மறுப்புக் கடிதம் எழுத யாராவது இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். மலாக்காக் கரையில் ஆழம் கிடையாது. கப்பல்கள் இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தொங்கான் என்கிற தட்டைப் படகுகளில் ரப்பரையும் கொப்பரையையும் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, அரிசியையும் சிமெண்டையும் இறக்கி வருவார்கள். அதற்கெல்லாம் காகிதம் எழுதுவது எங்கள் பாடு.

அந்தக் காகிதங்களோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் கடல் குறிப்பேடு. வானிலைக்காரர்களுக்குக் கடலின் சூடு, காற்றின் வேகம், மேகத்தின் நிறம் எல்லாம் தெரிய வேண்டும். அளக்கப் போக அவர்களிடம் கப்பல் இல்லை. சரக்குக் கப்பல்களோ எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே போகிற போக்கில் அளந்து எழுதுங்கள் என்று ஒரு கான்வாஸ் வாளி, ஒரு வெப்பமானி, மாதத்துக்கு ஒரு குறிப்பேடு ஆகியவற்றைக் கப்பல்களுக்கு இனாமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. வருடக் கடைசியில் ஒரு நன்றிக் கடிதம் உண்டு.

செய்முறை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். இயந்திரத்தின் வெந்நீர் வெளியே கொட்டுகிற இடத்துக்கு முன்னால் நின்று வாளியை வீச வேண்டும். முதல் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அது வாளியின் சூடு. இரண்டாவது வாளியை நிழலில் வைத்து, வெப்பமானியை உள்ளே விட்டுக் கலக்கி, அது தண்ணீருக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும். படித்ததை அங்கேயே எழுத வேண்டும். அறைக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தால், போகிற வழியில் எண் மாறிவிடும். காலை ஏழரை, பகல் ஒன்றரை, மாலை ஏழரை, இரவு ஒன்றரை. அது என்ன அரை என்று கேட்காதீர்கள். கிரீன்விச்காரர்களுக்கு அது முழு மணி, நமக்கு அரை மணி.

இப்படி எழுதினால் குறிப்பேடு நனையாமல் இருக்காது. நனைந்த கை, ஆடுகிற கப்பல், காற்றில் படபடக்கிற பக்கம். உண்மையாக எழுதப்பட்ட குறிப்பேடு எது என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடலாம். பெரிய கிராணி மோந்து பார்க்க மாட்டார். அதன் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு அவர் வாயிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்.

"இதுக்கு ஃபேர் காப்பி எங்க?"

எதற்கும் சுத்தப் பிரதி வேண்டும். அது அவருடைய மதம். வண்ணானுக்குப் போடுகிற துணிக்கணக்கை முதலில் பென்சிலால் எழுதி, பிறகு மசியால் எழுதுவார். எங்கள் பகுதியான காஜா பேராங்கில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவே இடைவெளி சரியில்லை என்று திருத்திக் கையில் கொடுத்துவிடுவார். கல்யாணத்துக்கும் வருவார். வந்து, திருத்தாமல் அச்சடித்ததைச் சாப்பாட்டுப் பந்தியில் நினைவூட்டுவார். மெர்டேக்கா ஊர்வலத்தில் தூக்கி வந்த துணிப் பதாகையில் எழுத்து ஒரு பக்கமாக இறங்கியிருந்தது என்பதுதான் நாட்டு விடுதலையைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே கருத்து.

அவருடைய மகனின் ஜாதகக் கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி. பையன் பிறந்ததும் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கத்து ஜோசியர் ஒருவர் ஜாதகம் எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் மசி கொட்டிவிட்டது. பெரிய கிராணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுக் காகிதத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, தாமே படி எடுத்தார். மசி கொட்டியிருந்த கட்டத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. தெரியாததை எழுதலாகாது. ஆகவே அதை வெறுமையாக விட்டார். பழைய தாளைக் கிழித்துப் போட்டார். பையனுக்குப் பெண் பார்க்கிற காலத்தில் வேறொரு ஜோசியர் அந்த ஜாதகத்தை மேலும் கீழும் புரட்டிவிட்டுக் கேட்டாராம்:

"அம்மா, இந்தப் புள்ளைக்குச் சனியே காணோமே. எங்கே வெச்சிருக்கீங்க?"

மலாக்காவிலேயே சனி கிரகம் இல்லாமல் பிறந்த ஒரே ஆள் அந்தப் பையன்தான். நன்றாகவே இருக்கிறான் என்று கேள்வி.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். எங்களுக்கு வருகிற கப்பல்களில் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நடுவே போய்வருகிற ஒரு சின்னக் கப்பல் இருந்தது. வாளி வீசுவது அதன் தலைமை அதிகாரியின் வேலை. அவர் இரண்டு நாள் வீசிப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த வேலை சுக்கானி காதரிடம் வந்து சேர்ந்தது. சுக்கானி என்றால் கப்பலின் திசைச் சக்கரத்தைப் பிடிப்பவர். காதர் மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தவர். எண்களை ஒழுங்காகப் படிப்பார், பார்க்காததை எழுத மாட்டார். கிறுக்கல் கையெழுத்து. குறிப்பு எழுதுகிற இடத்தில் அவர் எழுதிய ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'வாளிக் கயிறு அறுந்துவிட்டது. சமையலறை வாளியால் எடுத்தேன். இந்த எண்ணை நம்ப வேண்டாம்.' அரசாங்கத்துக்குப் போகிற காகிதத்தில், என்னை நம்ப வேண்டாம் என்று தன் கைப்பட எழுதிய ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒருமுறை மூவார் ஆற்று வாய்க்கு நேரே ஒரே வேளைக்கு மூன்று எண்களை எழுதியிருந்தார். பெரிய கிராணி ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா இது, ஒரு கட்டத்துல மூணு நம்பர்?"

"தண்ணி திடீர்னு குளிர்ந்து போச்சுங்கய்யா. நம்ப முடியாம மறுபடி எடுத்தேன். அப்புறம் இன்னொருக்கா எடுத்தேன்."

"மூணுல எது சரி?"

"மூணுமே சரிதாங்கய்யா. மழத்தண்ணி ஆத்துலேருந்து பட்டை பட்டையா வந்து கலந்துகிட்டு இருந்துச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு முடிவுக்கு வரச் சொல்லு."

"யார, கடலையாங்கய்யா?"

நான் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே பேனாவைத் தேடினேன். பெரிய கிராணி சிரிக்கவில்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, வந்ததை மாதச் சுருக்கத்தில் ஏற்றினார். மலாக்கா நீரிணை அன்று அவர் சொன்ன சூட்டில் இருந்தது.

சுருக்கம் சிங்கப்பூர் வானிலை அலுவலகத்துக்குப் போகும். மூலக் குறிப்பேடு எங்கள் தகர அலமாரியில் தங்கும். அதுதான் ஏற்பாடு.

மெர்டேக்காவுக்கு முந்திய மாதங்களில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மேலே ஒரு நாற்காலி காலியானால் கீழே இருப்பவர் அதில் ஏறுவார், அவருடையதில் இன்னொருவர் ஏறுவார், கடைசியில் அடியில் ஒரு முக்காலி காலியாகும். அப்படிக் காலியான முக்காலி ஒன்று விமானத் திடலில் இருந்தது. காற்றையும் மழையையும் பார்த்து எழுதுகிற ஆள் வேலை. கடலில் ஒரு முழு வருடம் தம் கையால் அளந்து எழுதியவர்களும் விண்ணப்பிக்கலாம், குறிப்பேடுகளை ஏஜெண்டின் சான்றோடு அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தார்கள்.

காதருக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்பது காஜா பேராங்குக்கே தெரியும். அவர் மனைவி ஆயிஷா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். கப்பல் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். சரக்கு ஏற்றுகிற நான்கு மணி நேரத்தில் காதர் சைக்கிளில் ஓடி வந்து மகளைப் பார்த்துவிட்டு ஓடுவார். மூன்று வயதுப் பெண். அவரைக் கண்டதும் அம்மாவின் கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, கப்பக்காரரு வந்திருக்காரு!" என்று அறிவிக்கும். அத்தா என்று கூப்பிட வைக்க அவர் சிங்கப்பூரிலிருந்து பொம்மையெல்லாம் வாங்கி வந்தார். அது பொம்மையை வாங்கிக்கொண்டு, "கப்பக்காரரு குடுத்தாரு" என்றது. விமானத் திடல் சைக்கிள் தூரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"அண்ணே, ஒரு சான்று போட்டு, அலமாரியில இருக்கிற புத்தகத்த அனுப்பிட்டா போதும்ல?" என்று என்னிடம் கேட்டார். போதும் என்றேன். போதும்தான். பன்னிரண்டு குறிப்பேடுகளையும் எடுத்துப் பெரிய கிராணி மேசையில் வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். உப்புப் பூத்த பக்கங்கள். மசி கரைந்த வரிகள். ஒரு பக்கத்தில் மீன் கறி. அவர் முகத்தில் வந்தது கோபம் என்று சொன்னால் அநியாயம். அது இரக்கம். அந்த மனிதருக்கு இரக்கம் வருகிற போதுதான் நாங்கள் பயப்பட வேண்டும்.

"பாவம்யா நீ. இதப் பாத்தா எவன்யா உனக்கு வேல குடுப்பான்? கவர்ன்மெண்ட் வேலைக்குப் போறவன் மீன் கறியோடயா போறது? எல்லாத்தையும் எழுதிடு. புதுப் புத்தகம் நான் தரேன், என் பேனாவே தரேன். நல்லா வந்ததும் நானே கையெழுத்துப் போட்டு, கம்பெனி சாப்பு குத்தி அனுப்புறேன்."

"பன்னெண்டு மாசமாங்கய்யா?"

"ஒனக்குத்தான் லீவு வருதே."

உண்மை. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவதற்காக அதைச் சிங்கப்பூரில் கரையேற்றியிருந்தார்கள். காதருக்குப் பதினைந்து நாள் விடுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டில் தொடர்ந்து இருக்கக் கிடைத்த முதல் பதினைந்து நாள். அதில் பதினான்கு நாளை எங்கள் அலுவலகத்தில், ஜன்னலோர மேசையில், பெரிய கிராணியின் பேனாவோடு கழித்தார். காலை எட்டு மணிக்கு வருவார். விளக்கு வைக்கிற நேரத்தில் போவார். மகள் அதற்குள் தூங்கியிருக்கும்.

ஆயிஷா சாப்பாடு கொண்டுவந்தபோது வாசலில் என்னிடம் சொன்னார்: "கடல்ல இருந்தாலாச்சும் கடல்ல இருக்காருன்னு மனசத் தேத்திக்கலாம் அண்ணே. இப்ப கூப்பிடு தூரத்துல இருக்காரு, ஆளக் காணோம்."

"இன்னும் நாலு நாள்தான்மா" என்றேன். ஆறுதல் சொல்வது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

பெரிய கிராணி பக்கத்தில் நின்று எழுத வைத்தார். ஒரு சொட்டு மசி சிந்தினால் அந்தப் பக்கம் முழுவதும் புதிதாக எழுத வேண்டும். மூன்று எண் இருந்த கட்டத்தில் ஒரு எண் வந்தது. சமையலறை வாளிக் குறிப்பு போயே போயிற்று. "கதையெல்லாம் எதுக்குய்யா? நம்பாதேன்னு எழுதினா அவன் எப்படி நம்புவான்?" என்று கேட்டார். கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகக் காதருக்கே தோன்றியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு எழுதினார். பதினான்காம் நாள் முடிவில் மேசையின் மேல் இருந்தவை பன்னிரண்டு முத்துச் சரங்கள். கடலில் போய் வந்தவை என்று அவற்றை எழுதியவரே சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"பழசு?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு ரெண்டு இருக்கணும்? குழப்பம் வரும். அழிச்சிடு."

மூலக் குறிப்பேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது எந்தச் சுற்றறிக்கையில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அன்று வெள்ளிக்கிழமை. அலமாரியில் எனக்கு இடமும் வேண்டியிருந்தது. அழிப்புப் பட்டியலை மூன்று படியில் தட்டி, கையெழுத்து வாங்கி, பின்கட்டில் போட்டுக் கொளுத்தினேன். உப்பேறிய காகிதம் லேசில் பற்றாது. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. கண்ணியமான கடிதம். ஒரு வருடக் குறிப்பு முழுவதும் ஒரே மசியில், ஒரே பேனாவில், ஒரு திருத்தம்கூட இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு மாதம் கடலில் இருந்த எந்தக் குறிப்பேட்டிலும் இப்படி நாங்கள் கண்டதில்லை. இவை கரையில் உட்கார்ந்து புனையப்பட்டவை என்று எண்ண இடமிருக்கிறது. விண்ணப்பதாரருக்கு வரும் திங்கட்கிழமை நேர்காணல். அதற்குள் தக்க விளக்கம் வராவிட்டால் அவர் பெயர் நீக்கப்படும். இதுதான் சாரம்.

பெரிய கிராணி நின்றபடியே படித்தார். 'ஒரு திருத்தம்கூட இல்லாமல்' என்கிற இடத்தை மட்டும் இரண்டாவது தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் மிச்சம் அவருக்கு உறைத்தது. உட்கார்ந்துவிட்டார்.

இங்கே அவருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். தப்பை அவர் காதர் மேல் தள்ளவில்லை, என் மேலும் தள்ளவில்லை. "நான் சொல்லித்தான் எழுதினான். நான் சொல்லித்தான் நீ எரிச்சே. நானே எழுதிப் போடுறேன்" என்றார். அன்று மாலை மூன்று மணிக்கெல்லாம் பென்சிலால் ஒரு வரைவு எழுதிவிட்டார். பத்து வரி. எல்லாம் இருந்தது. அந்தத் தாளை அப்படியே உறையில் போட்டிருந்தால், நான்கு மணித் தபாலில் தம்பின் ரயிலடிக்குப் போய், இரவு ரயிலேறி, புதன்கிழமை சிங்கப்பூரில் இருந்திருக்கும்.

புதன்கிழமை மசியால் எழுதினார். மன்னிப்புக் கேட்கிற வரி பக்கத்தின் மடிப்பில் விழுந்தது. வியாழக்கிழமை தட்டச்சு செய்யலாம் என்றார். எழுத்து ஒன்றில் அழுக்கு அடைத்துக்கொண்டு, வட்டமாக விழ வேண்டியது கரும்புள்ளியாக விழுந்தது. ஊசியால் சுத்தம் செய்வதற்குள் மணி நான்கு.

"சார், ஒரு தந்தி அடிச்சிரலாமே" என்றேன்.

"தந்தியில மார்ஜின் எங்கப்பா இருக்கு?"

"போன் போட்டுப் பேசிரலாம்."

"பேசினதுக்குக் காப்பி எங்க வெச்சுக்குவே?"

வெள்ளிக்கிழமை 'வருந்துகிறேன்' போதுமா, 'மிகவும் வருந்துகிறேன்' என்று வேண்டுமா என்பதில் போயிற்று. இரண்டுக்கும் தனித்தனியாகச் சுத்தப் பிரதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை அரை நாள். கப்பல் வந்திருந்தது. நேர்காணலையும் விளக்கக் கடிதத்தையும் பற்றிக் கப்பலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். காதர் கேப்டனிடம் மூன்று நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். முடிவெட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டாராம்.

"ஐயா, லெட்டர் குடுங்க. நானே கையோட கொண்டுபோயிடறேன்."

கடிதம் தயாராக இருந்தது. பெரிய கிராணி அவர் கண்ணெதிரேயே கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி வால் நீண்டு, கம்பெனி முத்திரையின் விளிம்பில் ஏறிவிட்டது.

"அடடா" என்றார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது போகாதுய்யா."

"போவுங்கய்யா! நல்லாத்தான் இருக்கு. குடுங்கய்யா."

"மேல ஏறியிருக்கு பாரு. இத வெச்சுகிட்டு நான் ஒனக்குச் சான்று சொன்னா, என்னையே சந்தேகப்படுவான்."

"அப்ப அந்தப் பென்சில்ல கிறுக்கினீங்களே, அதக் குடுங்கய்யா. அதுவே போதும். கிறுக்கலா இருந்தாத்தான் நம்புறாங்க அங்க."

"கிறுக்கல நம்பி எவன்யா வேல குடுப்பான்? நீ போ. போய் மரியாதையா பதில் சொல்லு. திங்கக்கிழமை மொத தபால்ல நான் அனுப்புறேன். ஒனக்காக எத்தன நாளா உக்காந்திருக்கேன் பாத்தேல்ல?"

காதர் என்னைப் பார்த்தார். பென்சில் வரைவு என் கம்பித் தட்டில்தான் இருந்தது. கையெழுத்தில்லாத தாள் வெளியே போகக்கூடாது. சரி, அதை விடுங்கள். 'மூலக் குறிப்பேடுகளை எரித்தவன் நான்' என்று நானே இரண்டு வரி எழுதி, என் கையெழுத்தைப் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். கீழ்நிலை கிராணி வெளி அலுவலகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதக்கூடாது. அதற்கும் சுற்றறிக்கை உண்டு. விதிகளை நான் நன்றாக அறிந்தவன், எப்போது அறிய வேண்டும் என்பதையும் அறிந்தவன்.

"நல்லபடியா நடக்கும் காதர்" என்றேன்.

திங்கட்கிழமை அவர் சிங்கப்பூரில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விளக்கக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். வரும் என்றார். மாலை வரை உட்கார்ந்தார். கடிதம் அன்று எங்களிடமிருந்து புறப்பட்டது, செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. அந்த வார முடிவில் பதில் வந்தது: விளக்கம் முழுத் திருப்தி அளிக்கிறது, ஆனால் இடம் நிரப்பப்பட்டுவிட்டது.

"பாத்தியா" என்றார் பெரிய கிராணி என்னிடம். "முழுத் திருப்தின்னு எழுதியிருக்கான்."

காதர் அடுத்த முறை கரைக்கு வந்தபோது, அந்தக் கடிதத்தின் அலுவலகப் படியை அவரிடம் நீட்டினார். காதர் நிதானமாக முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கய்யா."

"அடித்தல் திருத்தல் ஏதாச்சும் தெரியுதா?"

"இல்லீங்கய்யா. ஒண்ணும் தெரியல." திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "வரேங்கய்யா. தொங்கான் போயிடும்." என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை விடியலில் சுமத்ராக் காற்று அடித்தது. நீரிணையின் எதிர்க் கரையிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்து, ஒரு மணி நேரம் ஊரைக் கலக்கிவிட்டுப் போகிற காற்று. அன்று ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை. எட்டு மணி வரை அடித்தது. காஜா பேராங்கில் பாதி வீட்டுக்குக் கூரைத் தகரம் போயிற்று. பெரிய கிராணி வீட்டுச் சமையல்கட்டுக்கு மேலே ஒரு தகடுகூட மிஞ்சவில்லை. அரிசிப் பானை வரை நனைந்துவிட்டது என்று அவர் மனைவி தெருவில் நின்று அழுதார். ஆற்று வாயில் இரண்டு தொங்கான்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. பெரிய கிராணி அன்று ஈரச் சட்டையோடு வேலைக்கு வந்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதரின் கப்பல் இரண்டு மைல் தள்ளி நங்கூரத்தில், மூக்கு முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது.

மாதக் கடைசியில் அதன் குறிப்பேடு வந்தது. பெரிய கிராணி இரண்டு விரலால் தூக்கவில்லை, இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் கிடையாது. எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றது. நீல மசியும் கறுப்பு மசியும் மாறி மாறி வந்தன. வாரத்துக்கு ஒரு திருத்தம் இருந்தது, அதுவும் அளவுகோல் வைத்து அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தோடு. கடலின் சூடு எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்து நான்குக்கு ஏறி, மறுபடி எண்பத்து மூன்றுக்கு இறங்கி, மாதம் முழுவதும் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

பெரிய கிராணி விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த வியாழக்கிழமை, காலை ஏழரை மணி, மலாக்காவுக்கு வெளியே நங்கூரத்தில்: மெல்லிய காற்று, தெளிந்த வானம், கடல் எண்பத்து மூன்று.

விரல் அங்கே நின்றதுபோல் இருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அடுத்த வரிக்குப் போனார்.

"இப்பத்தான்பா இவனுக்குப் புத்தகம் எழுத வந்திருக்கு" என்றார். குரலில் உண்மையான சந்தோஷம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் சாப்பு குத்தினேன்.

சிங்கப்பூரிலிருந்து அதன் மேல் ஒரு கேள்வியும் வரவில்லை.